கிளட்ச் இறுகினால் கையும் நோகும், காசும் போகும்
மோட்டார் சைக்கிள் கிளட்ச் ஏன் டைட் ஆகிறது? வீட்டிலேயே பார்ப்பது எப்படி?



ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம் வீடுகளில் பலவற்றுக்கு மோட்டார் சைக்கிள்தான் வருமானத்தின் சக்கரம். மில்லுக்கு ஷிப்டுக்குப் போவதும், துணிமூட்டை கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய் வியாபாரம் செய்வதும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலும் மதரஸாவிலும் கொண்டுபோய் விடுவதும், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதில்தான். பஞ்சரானாலும் பிரேக் பிடிக்காவிட்டாலும் உடனே பார்த்துவிடுகிறோம். கிளட்ச் இறுகிப்போனால் மட்டும் "கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கு, ஓடுதுல்ல" என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறோம்.

அந்த அலட்சியத்துக்கு மூன்று வகையில் விலை கொடுக்கிறோம். முதலாவது, கை. கிலோமீட்டருக்கு ஆறு முறை கிளட்ச் பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 50 கிலோமீட்டர் சுற்றும் வியாபாரி 300 முறை பிடிக்கிறார், மாதத்தில் 25 நாள் ஓட்டினால் 7,500 முறை. இரண்டாவது, காசு. சில நூறு ரூபாய்க்குள் முடிய வேண்டிய கேபிள் வேலை, கவனிக்காமல் விட்டால் இன்ஜினைத் திறக்கும் வேலையாகிவிடும். மூன்றாவது, உயிர். இறுகிய கேபிள் ஒருநாள் அறுந்தே தீரும், அது பெரும்பாலும் கிளட்ச் பிடிக்க வேண்டிய நெருக்கடியான இடத்தில்தான் அறுகிறது.

காரணம் எங்கே இருக்கிறது என்று ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம்.

கிளட்ச் என்ன வேலை செய்கிறது?

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரத்தை அதிலிருந்து பிரித்து வைக்கவும், பிறகு மெதுவாகச் சேர்க்கவும் ஏற்பட்டதுதான் கிளட்ச். ஸ்ப்ளெண்டர், ஷைன், பல்சர், அப்பாச்சி என்று நாம் ஓட்டும் கியர் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஆயிலில் நனைந்தே இயங்கும் பல பிளேட் கிளட்ச். உராய்வுப் பட்டை ஒட்டிய பிளேட் ஒன்று, வெறும் இரும்பு பிளேட் ஒன்று என மாறி மாறி அடுக்கியிருப்பார்கள். அந்த அடுக்கைச் சில ஸ்பிரிங்குகள் எப்போதும் அழுத்திப் பிடித்திருக்கும். அழுத்தம் இருக்கும்வரை இன்ஜினின் சக்தி கியருக்குப் போகும்.

கைப்பிடியில் உள்ள லீவரை அழுத்தினால் கேபிள் இழுபடும். கேபிள் இன்ஜின் மேல் இருக்கும் ஒரு சிறு கையைத் திருப்பும். அந்தக் கை உள்ளே இருக்கும் தண்டை நகர்த்தும். தண்டு ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தை விலக்கும், பிளேட்டுகள் பிரியும். லீவர், கேபிள், வெளிக்கை, தண்டு, ஸ்பிரிங் என ஐந்து கண்ணி உள்ள சங்கிலி இது. இறுக்கம் இந்த ஐந்தில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் உங்கள் விரலுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் ஊகத்தில் உதிரிப்பாகம் மாற்றாமல், கண்ணி கண்ணியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பத்து நிமிடச் சோதனை

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். 10, 12, 14 நம்பர் ஸ்பேனர்கள் பெரும்பாலும் போதும்.

முதலில் ஹேண்டில் பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, இரண்டு பக்கத்திலும் லீவரைப் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் இறுகினால், கேபிள் போகும் பாதை தவறு. எங்கோ மடங்குகிறது அல்லது நசுங்குகிறது.

அடுத்து, அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டு இன்ஜின் பக்கத்தில் கேபிளின் முனையைக் கழற்றுங்கள். இப்போது லீவரை அழுத்திப் பாருங்கள். கேபிளின் மறுமுனையில் எந்தப் பாரமும் இல்லை, எனவே ஒரே விரலில் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். அப்படி வந்தால் லீவரும் கேபிளும் நன்றாக இருக்கின்றன, குறை இன்ஜின் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள்.

அப்போதும் சொரசொரவென்று கனமாக இருந்தால், மேல்முனையையும் லீவரிலிருந்து கழற்றுங்கள். லீவரை மட்டும் அசைத்துப் பாருங்கள், பிறகு கேபிளின் உள்கம்பியை இரண்டு கையாலும் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். இரண்டில் எது சிக்குகிறதோ அதுதான் காரணம்.

கடைசியாக, இன்ஜின் மேல் இருக்கும் சிறு கையை விரலால் அசைத்துப் பாருங்கள். முதலில் சிறிது தூரம் லேசாக அசைந்து, பிறகு ஸ்பிரிங்கில் மோதிக் கனமாக நிற்க வேண்டும். அந்த முதல் தூரமே சிக்கிக்கொண்டு வந்தால், அந்தக் கையின் தண்டு காய்ந்தோ துருப்பிடித்தோ இருக்கிறது.

கேபிள்தான் முதல் சந்தேக நபர்

கிளட்ச் டைட் என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது கேபிள். மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிய உள்கம்பி, அதைச் சுற்றி ஒரு குழாய் உறை, இவ்வளவுதான் கேபிள். நேராகப் போகும் இடத்தில் உரசல் குறைவு. வளையும் இடத்தில் உள்கம்பி உறையின் உட்சுவரை அழுத்திக்கொண்டு நகரும், அங்கேதான் உரசல் கூடும்.

இதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. வளைவின் மொத்தக் கோணமும் உரசலும் சேர்ந்து பாரத்தைப் பெருக்கும், வெறுமனே கூட்டாது. ஹேண்டில் பாரிலிருந்து டேங்க் பக்கம் 90 டிகிரி, அங்கிருந்து இன்ஜினுக்கு இறங்க இன்னொரு 90 டிகிரி, ஆக 180 டிகிரி வளைவு என்று வையுங்கள். கீழ்முனையில் 10 கிலோ இழுவிசை தேவை. உராய்வு எண் 0.1 ஆக, எண்ணெய்ப் பசையோடு இருக்கும் கேபிளில் மேலே ஏறக்குறைய 14 கிலோ இழுக்க வேண்டும். கேபிள் காய்ந்து 0.2 ஆனால் 19 கிலோ. துரு ஏறி 0.3 ஆனால் 26 கிலோ. ஸ்பிரிங் மாறவில்லை, பிளேட் மாறவில்லை, ஆனாலும் பாரம் ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. லீவர் அந்தப் பாரத்தைக் குறைத்துத்தான் கைக்குத் தரும் என்றாலும், கையில் உணரும் கனமும் இதே விகிதத்தில்தான் கூடும்.

கையை விடும்போதும் இதே உரசல்தான் தடுக்கிறது. திரும்பி வர வேண்டிய விசை குறைந்துபோவதால் லீவர் சோம்பலாக வரும், சில நேரம் பாதியிலேயே நிற்கும். பிடிக்கும்போது கனம், விடும்போது மெதுவு என்ற இரண்டும் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் கேபிள்தான்.

நம் பகுதியில் கேபிளைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, கோடை முழுவதும் பறக்கும் புழுதியும் மில் பக்கம் மிதக்கும் பஞ்சுத் தூசும். மற்றது, ஐப்பசி, கார்த்திகை மழை. லீவர் பக்கத்து ரப்பர் மூடி கிழிந்திருந்தால் மழைத்தண்ணீர் நேராக உறைக்குள் இறங்கும். தூசியும் தண்ணீரும் சேர்ந்து உள்ளே சேறாகும், சேறு காய்ந்து துருவாகும். அந்தச் சிறு ரப்பர் மூடியை அலட்சியம் செய்யாதீர்கள்.

எண்ணெய் விடுவது எப்படி?

மேல்முனையைக் கழற்றி, கேபிளை நேராகத் தூக்கிப் பிடியுங்கள். ஒரு சிறு பிளாஸ்டிக் பையின் மூலையை வெட்டி, உறையின் வாயில் புனல்போல் கட்டி டேப் சுற்றுங்கள். அதில் மெல்லிய இயந்திர எண்ணெய் அல்லது சுத்தமான புதிய இன்ஜின் ஆயில் ஒரு ஸ்பூன் ஊற்றி, உள்கம்பியை மேலும் கீழும் அசையுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சாலும் விடலாம். கீழ்முனையில் எண்ணெய் சொட்டும்வரை பொறுங்கள். முதலில் கறுப்பாகவும் செம்மண் நிறமாகவும் வரும், தெளிவாக வரும்வரை விடுவது நல்லது. இரவு தொங்கவிட்டுக் காலையில் மாட்டினால் இன்னும் சிறப்பு.

செய்யக் கூடாதவை சில உண்டு. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும், மார்கழிக் காலையில் கேபிளுக்குள்ளேயே கட்டிக்கொள்ளும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் அழுக்கைக் கழுவும், ஆனால் இருக்கும் பசையையும் கழுவிவிட்டுப் போய்விடும். கெட்டியான கிரீஸை உறைக்குள் திணிக்கக் கூடாது, அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உறைக்குள் நைலான் அல்லது டெஃப்ளான் குழாய் வைத்த கேபிள்களும் வருகின்றன. அவற்றுக்கு எண்ணெய் தேவையா என்பதைக் கையேட்டில் பார்த்தோ, வாங்கும் கடையில் கேட்டோ செய்யுங்கள்.

எப்போது மாற்றியே ஆக வேண்டும்?

லீவர் முனையிலோ இன்ஜின் முனையிலோ ஒரே ஓர் இழை அறுந்து முள்போல் நின்றாலும், எண்ணெய் விட்டுப் பயனில்லை. மீதி இழைகள் அந்தப் பாரத்தையும் சேர்த்துத் தாங்குகின்றன, அவையும் ஒவ்வொன்றாக அறும். உறை நசுங்கியிருந்தாலும், சைலன்சரிலோ இன்ஜினிலோ பட்டு உருகியிருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது பழைய கேபிள் போன பாதையிலேயே புதியது போக வேண்டும். கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கேபிளின் முனையில் ஒரு நூல்கயிற்றைக் கட்டி இழுத்தால் கயிறு பாதையில் தங்கிவிடும். அதே கயிற்றில் புதிய கேபிளைக் கட்டி இழுத்துவிடலாம். உங்கள் வண்டி மாடலுக்கு உரிய நீளத்திலேயே வாங்குங்கள். நீளம் கூடினால் தேவையில்லாத வளைவு, குறைந்தால் ஹேண்டிலைத் திருப்பும்போது இழுபடும். உயரமான ஹேண்டில் பார் மாற்றிய பிறகு கிளட்ச் இறுகியது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

லீவரும் அதன் போல்ட்டும்

வண்டி ஒரு பக்கமாக விழுந்து எழுந்த பிறகு கிளட்ச் இறுகினால், லீவர் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வளைந்த லீவரைச் சுத்தியலால் நிமிர்த்த வேண்டாம். அது அலுமினிய வார்ப்பு, இன்றைக்கு நிமிரும், நாளைக்குத் திடீரென்று ஒடியும்.

லீவர் சுழலும் போல்ட்டைக் கழற்றி, பழைய அழுக்கைத் துணியால் துடைத்து, சிறிது கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். கேபிள் முனையில் இருக்கும் உருண்டை, அதாவது நிப்பிள், லீவர் குழியில் சுழல வேண்டும். அங்கும் ஒரு துளி கிரீஸ் வேண்டும். நிப்பிள் சுழலாமல் ஒட்டிக்கொண்டால், ஒவ்வொரு முறை லீவர் பிடிக்கும்போதும் கம்பி அந்த இடத்தில் மடங்கும். நிப்பிள் பக்கத்திலேயே கேபிள் அறுவது இதனால்தான். போல்ட்டை மிதமிஞ்சி முறுக்கினாலும் லீவர் இறுகும், நட்டைப் பூட்டிய பிறகு லீவர் தாராளமாக அசைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் பக்கத்துக் கை

இந்தச் சிறு கையின் தண்டு இன்ஜின் மூடிக்குள் போகும் இடத்தில் சேறும் துருவும் சேரும். துருநீக்கி ஸ்பிரே அடித்து, கையை அசைத்து, பிறகு எண்ணெய் விட்டால் பல வண்டிகளில் சரியாகிவிடும். துருநீக்கி வெறும் மருந்து மாதிரி, அதுவே உணவாகாது. அது உலர்ந்த பிறகு எண்ணெய் விட மறக்கக் கூடாது.

இன்ஜின் வேலை முடிந்து வந்த வண்டி திடீரென்று கனமாகிவிட்டதா? கை மாட்டியிருக்கும் கோணத்தைப் பாருங்கள். பல வண்டிகளில் கையும் தண்டும் பற்களால் பொருந்தும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் கோணம் மாறும். கேபிளும் கையும் செங்கோணத்தை ஒட்டி இருக்கும்போதுதான் இழுவிசை முழுதாகப் பயன்படும். அதிலிருந்து 45 டிகிரி விலகினால் பயன் 70 சதவீதம்தான், ஒரே வேலைக்கு 40 சதவீதம் கூடுதலாக இழுக்க வேண்டும். கழற்றும் முன் கையிலும் தண்டிலும் ஒரு கோடு போட்டுக்கொண்டால் இந்தத் தவறே வராது.

"பிளேட் போயிடுச்சு" என்றால் உடனே தலையாட்ட வேண்டாம்

கிளட்ச் டைட் என்று சொன்னதும் "பிளேட் செட் மாத்திரலாம் பாய்" என்று சில இடங்களில் சொல்வார்கள். இங்கே ஓர் உண்மையைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மோட்டார் சைக்கிளில் பிளேட் தேய்ந்தால் லீவர் கனமாகாது. பிளேட் அடுக்கு மெலிந்தால் சுருள் ஸ்பிரிங்குகள் சற்றே நீளும், அழுத்தம் குறையும். லீவர் லேசாகக்கூட ஆகலாம். காரில் கதை வேறு. அங்கே தட்டு வடிவ ஸ்பிரிங் இருப்பதால் பிளேட் தேயத் தேயப் பெடல் கனமாகும். கார் வேலை தெரிந்தவர் சொல்வதை அப்படியே பைக்குக்குப் பொருத்துவதால் இந்தக் குழப்பம் வருகிறது.

பிளேட் தேய்ந்ததற்கு அடையாளம் வேறு. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி வேகம் ஏறாது. ஏற்றத்திலும், பின்னால் ஆள் இருக்கும்போதும் இது நன்றாகத் தெரியும். கருகிய வாடை வரும். இந்த அடையாளங்கள் இருந்தால்தான் பிளேட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

உள்ளே இருந்து இறுக்கம் வரக் காரணங்கள் சில உண்டு. கம்பெனி அளவில்லாத கடினமான ஸ்பிரிங் போட்டிருக்கலாம். தண்டின் முனையோ அது தாங்கும் பேரிங்கோ தேய்ந்திருக்கலாம். பிளேட் அமரும் ஹவுசிங்கின் விரல்களில் பள்ளம் விழுந்திருந்தால், பிளேட் அந்தப் பள்ளத்தில் சிக்கிச் சிக்கி நகரும், கிளட்ச் குதித்துக் குதித்துப் பிடிக்கும். இவையெல்லாம் இன்ஜின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டியவை, பட்டறையில் செய்ய வேண்டியவை. ஆனால் கேபிளைக் கழற்றிச் சோதித்துவிட்டுப் போனால், இன்ஜினைத் திறக்க வேண்டிய அவசியம் இருக்கிறதா என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கிளட்ச் டைட் வேறு, கியர் டைட் வேறு

லீவர் லேசாக இருக்கிறது, ஆனால் கியர் விழ மறுக்கிறது, நியூட்ரல் கிடைக்கவில்லை, முதல் கியர் போட்டதும் வண்டி முன்னால் பாய்கிறது என்றால் அது வேறு நோய். கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. கேபிளில் தளர்வு அதிகமாக இருக்கலாம், ஆயில் பழசாகியிருக்கலாம், பிளேட் கோணியிருக்கலாம்.

ஆயில் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பைக்கின் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே நனைகிறது. காருக்கான ஆயில்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். அதை ஊற்றினால் பிளேட் வழுக்கும். டப்பாவில் "ஜாசோ எம்.ஏ." அல்லது "ஜாசோ எம்.ஏ.2" என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள், ஈரக் கிளட்ச் உள்ள வண்டிகளுக்கான ஜப்பானியத் தர அடையாளம் அது. எண்ணெயின் கனம் கையேட்டில் சொன்னபடி இருக்கட்டும்.

ஃப்ரீ ப்ளே

லீவரைப் பிடிக்கத் தொடங்கியதும் பாரம் ஏறுவதற்கு முன் சிறிது தூரம் சும்மா அசைய வேண்டும். அதுதான் ஃப்ரீ ப்ளே. ஸ்ப்ளெண்டர் போன்ற பல 100 சிசி வண்டிகளில் லீவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை இருக்க வேண்டும். சில வண்டிகளில் லீவரின் அடிப்பகுதியில் 2 அல்லது 3 மி.மீ. என்று அளப்பார்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுதான் முடிவானது.

ப்ளே அறவே இல்லாவிட்டால் கிளட்ச் எப்போதும் அரைகுறையாகப் பிடித்த நிலையில் இருக்கும், பிளேட் வழுக்கித் தேயும், தண்டும் பேரிங்கும் ஓயாமல் உரசும். அதிகமாக இருந்தால் கிளட்ச் பிரியாது. கேபிள் நீண்டால் ப்ளே கூடும், பிளேட் தேய்ந்தால் ப்ளே குறையும். எனவே அட்ஜஸ்ட்மெண்ட் ஒருமுறை செய்து மறந்துவிடும் வேலை அல்ல. பெரிய மாற்றத்தை இன்ஜின் பக்க அட்ஜஸ்டரில் செய்யுங்கள், நுணுக்கத்தை லீவர் பக்கத்தில் செய்யுங்கள், லாக் நட்டை இறுக்கிவிடுங்கள்.

கேபிள் அறுந்துவிட்டால்

ஓடும்போது அறுந்தால் பதற வேண்டாம். ஆக்ஸிலேட்டரை விடுங்கள், இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடியுங்கள், இண்டிகேட்டர் போட்டு இடது ஓரத்துக்கு வாருங்கள். வேகம் குறையும்போது கியரை நியூட்ரலுக்குத் தட்ட முடிந்தால் தட்டுங்கள். முடியாவிட்டால் பிரேக்கிலேயே நிறுத்துங்கள், இன்ஜின் தானாக அணைந்துவிடும், அதனால் கெடுதல் இல்லை. கியரில் நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், முன்னால் பாயும். தள்ளிக்கொண்டே கியர் போட்டு ஓட்டும் வித்தையைக் கடைத்தெருவிலும், பிள்ளைகள் பின்னால் இருக்கும்போதும் செய்யவே கூடாது.

தினமும் கொல்லம் சாலையில் நெடுந்தூரம் போகிறவர்கள், கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு பக்கம் வியாபாரத்துக்குப் போகிறவர்கள், ஒரு கேபிளை வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய புல்லட்காரர்கள் இருக்கும் கேபிளோடு இன்னொன்றையும் சேர்த்தே கட்டி வைப்பார்கள். அறுந்தால் இரண்டு முனையை மட்டும் மாற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

கையைக் காப்பாற்றுங்கள்

லீவரின் நடுவில் பிடிக்காமல் நுனிப்பக்கம் பிடியுங்கள். சுழலும் போல்ட்டிலிருந்து 13 செ.மீ. தூரத்தில் பிடிப்பவரைவிட, 10 செ.மீ. தூரத்தில் பிடிப்பவர் 30 சதவீதம் அதிக பலம் போட வேண்டும். உட்கார்ந்து கையை நீட்டினால் முன்கையும் மணிக்கட்டும் விரலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி லீவரின் கோணத்தைத் திருப்பி வையுங்கள். லீவர் மிக மேலே இருந்தால் மணிக்கட்டு மடங்கும், மடங்கிய மணிக்கட்டில்தான் நரம்பு நெருக்கப்படும்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி வரை மரத்துப்போவது, இரவில் கை குறுகுறுத்து விழிப்பு வருவது, கையிலிருந்து பொருள் நழுவுவது இவையெல்லாம் மணிக்கட்டு நரம்பு நெருக்கத்தின் அடையாளங்கள். சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது வர வாய்ப்பு கூடுதல். தைலம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நாள் கடந்தால் கட்டைவிரல் அடிச்சதை மெலிந்துவிடும், அது திரும்புவது கடினம்.

கையில் பலம் குறைந்த பெரியவர்கள் கியர் வண்டியை விடாப்பிடியாக ஓட்ட வேண்டியதில்லை. 1958-இல் ஜப்பானில் ஹோண்டா வெளியிட்ட சூப்பர் கப் வண்டியில் கிளட்ச் லீவரே கிடையாது. இன்ஜின் வேகம் கூடும்போது தானாகப் பிடிக்கும் கிளட்ச் அதில் இருந்தது. ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டோடு ஓட்டுகிற கடைப் பையன்களுக்கும் உதவ வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-க்கும், இன்று நம் தெருக்களில் மூட்டை சுமக்கும் எக்ஸ்எல்லுக்கும் இதே வழிதான். ஸ்கூட்டர்களிலும் கிளட்ச் பிடிக்கும் வேலை இல்லை.

ஓட்டும் பழக்கம்

ரயில்வே கேட்டிலும் சிக்னலிலும் கிளட்சைப் பிடித்துக்கொண்டே நிற்காமல் நியூட்ரலில் நிறுத்துங்கள். ஓடும்போது லீவர் மேல் விரலை வைத்துக்கொண்டே போகாதீர்கள். ஏற்றத்தில் பாதிக் கிளட்சில் வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், பிரேக் அதற்குத்தான் இருக்கிறது. மூன்று பேர் ஏறினால் சட்டப்படியும் தவறு, கிளட்சுக்கும் கேடு.

வீட்டுக்கு ஒரு வழக்கம்

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை, மழை ஓய்ந்த பிறகு ஒருமுறை என ஆண்டுக்கு இரண்டு தடவை கேபிளுக்கு எண்ணெய், லீவர் போல்ட்டுக்கு கிரீஸ், ஃப்ரீ ப்ளே அளவு மூன்றையும் பார்த்துவிடுங்கள். வாட்டர் சர்வீஸ் செய்தால், முடிந்ததும் லீவர் பக்கத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் கிளட்சைப் பிடித்துப் பார்த்து, கேபிளின் இரண்டு முனையையும் கண்ணால் பாருங்கள்.

பட்டறைக்குப் போகும்போது "டைட்டா இருக்கு" என்று மட்டும் சொல்லாமல், "கேபிளைக் கழற்றிப் பார்த்தேன், லீவர் லேசா வருது, கைதான் சிக்குது" என்று சொல்லுங்கள். மெக்கானிக் சகோதரருக்கும் நேரம் மிச்சம், உங்களுக்கும் காசு மிச்சம். வீட்டில் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை இருந்தால் இந்தச் சோதனையை அவனை வைத்துச் செய்யுங்கள். வண்டி ஓட்ட வயது வருவதற்கு முன்னே அதைப் பராமரிக்கக் கற்றுக்கொள்ளட்டும். வயதான அத்தாவின் வண்டியை இந்த வாரம் ஒருமுறை நீங்களே பிடித்துப் பாருங்கள். கை வலிப்பதாக அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்.